டிப்ஸ்டிக்கில் ஆயில் ஏறினால் உறிஞ்சி எடுப்பது தீர்வாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனக் கேள்வி-பதில் பகுதியில், தன்னுடைய பழைய டீசல் காரில் இன்ஜின் ஆயில் குறைவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே போகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். 'கூடுதலாக இருப்பதை உறிஞ்சி எடுத்து, டிப்ஸ்டிக் எனும் அளவுக்குச்சியின் மேல்கோட்டுக்குள் வைத்துக்கொண்டால் போதும், பயமில்லை' என்று பதில் வந்திருந்தது. டீசல் பம்ப், இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் கருவி) வேலையிலேயே இருப்பவர்களால் அந்தப் பதிலைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. அதை நம்பி ஓட்டினால் பேரிங் போகும். சில இன்ஜின்களில் சாவியை எடுத்தாலும் வண்டி நிற்காத நிலை வரும்.

ஆயில் தானாகக் கூடாது; டீசலோ, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்டோ, வேறு ஏதோ திரவமோ கலந்தால்தான் மட்டம் ஏறும். முதலில் கணக்கைப் பாருங்கள். 5 லிட்டர் ஆயில் பிடிக்கும் இன்ஜினில் அரை லிட்டர் டீசல் கலந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 5.5 லிட்டர், அதில் டீசல் 9 சதவீதம். அரை லிட்டரை உறிஞ்சினால் வெளியே வருவது கலவைதான். உள்ளே நிற்கும் 5 லிட்டரிலும் அதே 9 சதவீத டீசல் இருக்கும். இன்னொரு அரை லிட்டர் டீசல் இறங்கி, மறுபடியும் உறிஞ்சினால் 17 சதவீதத்தைத் தாண்டும். இரண்டு முறையும் டிப்ஸ்டிக் என்னவோ 'அளவு சரி' என்றுதான் காட்டும். ஆயில் பரிசோதனைக் கூடங்கள் பொதுவாக 2 சதவீதத்திலேயே எச்சரித்து, 5 சதவீதத்தை ஒட்டி 'மாற்று' என்று எழுதிவிடும் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எஸ்.ஏ.இ. தரவரிசையில் 40 வகை ஆயிலுக்கு 100 டிகிரி செல்சியஸில் பாகுநிலை, அதாவது ஆயிலின் தடிப்பு, 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குக் குறையக் கூடாது. புது 15டபிள்யூ-40 ஆயில் 14, 15 என்ற அளவில் இருக்கும். 5 சதவீத டீசல் கலந்தாலே அது வரம்பின் விளிம்புக்கு வந்துவிடும். 9 சதவீதத்தில் 30 கிரேடு ஆயில் ஊற்றியது போலாகிவிடும். பிஸ்டனின் கம்பியைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் பிக்-எண்ட் பேரிங்கும் டர்போவின் தண்டும் அந்த மெல்லிய படலத்தின் மேல்தான் சுழல்கின்றன. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் ஆயில் விளக்கு மினுக்கினால் விஷயம் அந்த இடம் வரை வந்துவிட்டது என்று அர்த்தம்.

இன்னொரு ஆபத்து அளவு ஏறுவதாலேயே வருவது. இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் மட்டம் உயர்ந்தால் சுழலும் கிராங்க் தண்டு அதை அடித்து நுரைக்க வைக்கும். நுரையும் ஆவியும் இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளிவிடும் பிரீதர் குழாய் வழியாக, காற்று உள்ளே போகும் இன்டேக்குக்குப் போகும். டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. எரியக்கூடியது எது காற்றோடு வந்தாலும் எரித்துக்கொண்டு ஓடும். பம்ப்பை நிறுத்தினாலும், சாவியை எடுத்தாலும், தன் ஆயிலைத் தானே குடித்து ஆர்.பி.எம். ஏறிக்கொண்டே போகும். கியர் கைமுறை என்றால் உயர்ந்த கியரில் போட்டு, பிரேக்கை முழுதாக மிதித்து, கிளட்சை விட்டு அணைக்கலாம். ஆட்டோமேட்டிக்கில் அந்த வழியில்லை. காற்று வரும் வாயைப் பலகை போன்ற தட்டையான கெட்டிப் பொருளால் அடைக்க வேண்டும், அல்லது கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானை இன்டேக்கில் பீய்ச்ச வேண்டும். கையையோ துணியையோ கொண்டுபோகவே கூடாது. வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு இன்ஜின் அலறத் தொடங்கி, பக்கத்தில் போகவே முடியாத நிலை என்றால் எல்லோரும் விலகி நிற்பதுதான் ஒரே வழி.

சரி, உண்மையிலேயே ஏறுகிறதா? ஏறுவதாகச் சொல்லி வரும் வண்டிகளில் கணிசமானவற்றில் ஒன்றும் ஏறியிருக்காது. பழைய ஆயிலை முழுக்க வடியவிடாமல், கையேட்டில் உள்ள அளவை அப்படியே ஊற்றியிருப்பார்கள். அல்லது வேறு மாடலின் டிப்ஸ்டிக் மாட்டியிருக்கும். அதன் குழாய் முழுதாக இறங்காமல் நின்றிருக்கும். சூடும் கணக்கில் வரும்: 5 லிட்டர் ஆயில் 70 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய கால் லிட்டர் விரியும். அதனால் ஒரு முறை காலையில் குளிராக, ஒரு முறை ஓட்டி வந்த சூட்டில் என்று பார்த்தால் எந்த முடிவுக்கும் வர முடியாது. சமதளத்தில் நிறுத்தி, எப்போதும் ஒரே நிலையில் பாருங்கள். இரவு முழுக்க நின்ற குளிர் இன்ஜின் என்றால் இன்னும் நல்லது. குச்சியைத் துடைத்து, முழுதாகச் செருகி, எடுத்து, இரு பக்கமும் பார்த்து, குறைந்த அளவைக் காட்டும் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டரையும், மேல்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் மேலே அல்லது கீழே என்பதையும் எழுதிவையுங்கள். பெரும்பாலான கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே சுமார் 1 லிட்டர் பிடிக்கும் என்பதால் மில்லிமீட்டரை லிட்டராக மாற்றுவது சுலபம்.

ஏறாமல் இருப்பதும் எப்போதும் நல்ல செய்தியல்ல. தேய்ந்த பழைய இன்ஜின் ஓரளவு ஆயிலை எரிக்கும். எரியும் அளவுக்கு டீசல் உள்ளே இறங்கினால் குச்சியில் மட்டம் அசையாது. 'இத்தனை வயதிலும் ஒரு சொட்டு ஆயில் குடிக்காத வண்டி' என்று பெருமைப்படுபவர்கள் ஒருமுறை குச்சியை முகர்ந்து பார்ப்பது நல்லது.

ஏறுவது உறுதியானால் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் இரண்டு கேள்விகள். ஏறும்போது வேறு எது குறைகிறது? ஓடும்போது ஏறுகிறதா, நிற்கும்போது ஏறுகிறதா? கூலண்ட் டப்பாவில் குளிர்ந்த நிலையில் மட்டத்துக்கு நேராக ஒரு கோடு போடுங்கள். பவர் ஸ்டீயரிங் டப்பா, பிரேக் ஆயில் டப்பா இரண்டிலும் அப்படியே. இவற்றில் ஒன்று இறங்கி, வெளியே எங்கும் கசிவில்லை என்றால் பாதி வேலை முடிந்தது. எதுவுமே இறங்கவில்லை என்றால் ஏறக்குறைய நிச்சயமாக டீசல்தான். டாங்கில் அரை லிட்டர் குறைவது யார் கண்ணுக்கும் தெரியாது. பிறகு, இன்ஜினை நிறுத்தியதும் வழக்கமான இடைவெளி விட்டு ஒரு முறை, மறுநாள் காலை ஒரு முறை பாருங்கள். மேலே தங்கிய ஆயில் வடிந்து சிறிது கூடுவது இயல்பு. அதைத் தாண்டி ஒவ்வொரு இரவும் கூடிக்கொண்டே போனால், நின்ற பிறகும் அழுத்தம் மிச்சமிருக்கும் இடத்திலிருந்து, பெரும்பாலும் கூலண்டிலிருந்து, ஏதோ இறங்குகிறது. ஓடிய கிலோமீட்டருக்கு ஏற்பக் கூடினால் பம்ப், இன்ஜெக்டர் பக்கம் போக வேண்டும்.

என்ன திரவம் என்று உறுதி செய்ய மலிவான சோதனைகள் உண்டு. வடிதாளில் குச்சியிலிருந்து ஒரு சொட்டு, பக்கத்தில் அதே வகைப் புது ஆயில் ஒரு சொட்டு விட்டு, சில மணி நேரம் படுக்கை வசமாக வையுங்கள். டீசல் கலந்திருந்தால் நடுவில் கரும்புள்ளியும் அதைத் தாண்டி வெகுதூரம் பரவிய, ஒளி ஊடுருவும் வெளிர் வளையமும் தெரியும். தண்ணீர் இருந்தால் கரும்புள்ளியின் ஓரம் பிய்ந்தது போல ஒழுங்கற்றிருக்கும். முகர்ந்து பார்ப்பது உதவும், ஆனால் டீசல் இன்ஜின் ஆயிலில் எப்போதுமே லேசான வாடை இருக்கும் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. தண்ணீருக்கு, சுமார் 150 டிகிரி சூடான மின் தட்டின் மேல் ஒரே ஒரு சொட்டு விட்டால் போதும். படபடவென்று வெடித்தால் தண்ணீர். இதைத் திறந்த வெளியில், கண்ணாடி அணிந்து, நெருப்புச் சுடர் இல்லாத தட்டில்தான் செய்ய வேண்டும். டீசல் கலந்த ஆயில் அந்தச் சூட்டில் தீப்பற்றும் ஆவியை விடும். இன்னொன்று: வண்டியை இரவு முழுக்க நிறுத்திவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்யாமல் ட்ரெயின் பிளக்கை மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் அடியில் தங்கும் என்பதால் முதலில் அதுதான் சொட்டும். டீசல் அப்படிப் பிரிந்து நிற்காது. ஆயிலில் கரைந்தே இருக்கும்.

பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புபவர்கள் பாகுநிலையை மட்டும் கேட்டுவிட்டு நிற்காதீர்கள். கரி சேர்ந்தால் ஆயில் தடிக்கும், டீசல் சேர்ந்தால் மெலியும். இரண்டும் ஒன்றை ஒன்று ஈடுகட்டி அறிக்கையில் 'சரி' என்று வந்துவிடும். தீப்பற்று வெப்பநிலை, அல்லது காஸ் குரோமட்டோகிராபி முறையில் டீசல் சதவீதம் கேளுங்கள். நல்ல இன்ஜின் ஆயிலின் தீப்பற்று வெப்பநிலை 200 டிகிரிக்கு மேல் இருக்கும். டீசல் கலந்தால் அது சட்டென்று சரியும்.

டீசல்தான் என்றால் அடுத்து, 'இந்த இன்ஜினில் டீசலும் ஆயிலும் ஒரே சுவரைப் பகிரும் இடங்கள் எவை' என்று பார்க்க வேண்டும். இன்ஜினுக்கு இன்ஜின் இது மாறும். பொதுவாக 'இன்ஜெக்டர் போயிருக்கும்' என்று நான்கையும் கழற்றுவது காலவிரயம்.

மிகப் பழைய இன்ஜின்களில், கேம் ஷாஃப்ட் தள்ளும் டயாப்ரம் (வளையும் சவ்வு) வகை ஃபீட் பம்ப், அதாவது டாங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் பம்ப், இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் இரண்டு போல்ட்டில் நிற்கும். டயாப்ரம் கிழிந்தால் டீசல் நெம்புகோல் வழியாக நேரே சம்ப்புக்கு இறங்கும். பம்ப்பைக் கழற்றி நெம்புகோல் பக்கத்தைப் பாருங்கள். நல்ல பம்ப்பில் அங்கே கரிய ஆயில் பூச்சு இருக்கும். கிழிந்த பம்ப்பில் அந்த இடம் கழுவிவிட்டது போலப் பளிச்சென்று இருக்கும், டீசல் வாடை மூக்கைத் துளைக்கும். வெளிவாயை விரலால் அடைத்துக்கொண்டு நெம்புகோலைச் சில முறை அழுத்தினால் சொட்டுவதையே பார்க்கலாம். புதுப் பம்ப் மாட்டும்போது பழைய ஸ்பேசரின் தடிமன் மாறக் கூடாது. மாறினால் நெம்புகோலின் வீச்சு மாறி, ஒன்று டீசல் போதாது, அல்லது புது டயாப்ரம் சீக்கிரம் கிழியும்.

வரிசை வகை, அதாவது இன்லைன் எஃப்.ஐ. (ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) பம்ப்கள் பலவற்றுக்கு இன்ஜின் ஆயில்தான் மசகு. டீசலை அழுத்தும் பிளஞ்சரும் அதன் உறையான பேரலும் தேய்ந்தால் டீசல் பம்ப்பின் கேம் அறைக்குள் கசிந்து, திரும்பும் ஆயிலோடு சம்ப்புக்குப் போகும். இதற்குச் சோதனை பெஞ்சில் ஏற்றுவது தவிர வழியில்லை. ரோட்டரி பம்ப், உதாரணமாக பாஷ் வி.இ. வகை, டீசலிலேயே மிதந்து ஓடுவது. அது டைமிங் பெல்ட்டில் ஓடினால் முன்பக்க ஷாஃப்ட் சீல் கசிவு வெளியே வழியும், ஆயில் ஏறாது. டைமிங் கியரில் ஓடினால் அதே கசிவு கியர் கேஸுக்குள் போய்ச் சம்ப்பில் சேரும். பம்ப் உடலுக்குள் அழுத்தம் ஆர்.பி.எம். கூடக் கூட ஏறும் என்பதால் நின்ற வண்டியில் இது தெரியாது. பம்ப்பைக் கழற்றி, சுத்தமான டீசல் தட்டில் மூழ்க வைத்து, குறைந்த அழுத்தக் காற்றைச் செலுத்தினால் ஷாஃப்ட் ஓரத்தில் குமிழி வரும். இங்கே பலர் சீலை மட்டும் மாற்றி முடித்துவிடுவார்கள். ஷாஃப்ட்டை விரலால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் உள்ளே புஷ் தேய்ந்திருக்கிறது. புது சீல் சில மாதம்கூடத் தாங்காது.

1990களின் இறுதியிலிருந்து வந்த ஃபோக்ஸ்வாகன் பி.டி. வகை டி.டி.ஐ. இன்ஜின்களில் கதையே வேறு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் பம்ப்பும் இன்ஜெக்டரும் ஒரே அலகாக, இன்ஜினின் மேல்மூடியான டாப்பெட் கவருக்குள், ஆயிலுக்கு நடுவில் நிற்கின்றன. அலகைச் சுற்றியுள்ள ஓ-ரிங் இறுகிப் போனால் டீசல் நேரே ஆயிலில். வாக்குவத்தையும் டீசல் சப்ளையையும் சேர்த்துச் செய்யும் டேண்டம் பம்ப்பின் உள் சீல் போனாலும் அதே கதி. கவரைத் திறந்து, அலகுகளைச் சுற்றித் துடைத்து, உலர்த்தி, இன்ஜின் ஓடாமலே கைப்பம்ப்பால் சப்ளை வரியில் அழுத்தம் கொடுத்து, டார்ச் அடித்துக் காத்திருங்கள். எந்த அலகின் அடியில் ஈரம் தலைகாட்டுகிறது என்று தெரிந்துவிடும். ஓ-ரிங் மாற்றியும் திரும்ப வந்தால் ஓ-ரிங்கைக் குறை சொல்லாதீர்கள். அலுமினிய சிலிண்டர் ஹெட்டில் அலகு உட்காரும் துளை தேய்ந்து அது அசைகிறது. அதற்கு ஹெட்டில்தான் வேலை.

எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டிகளில் ஹை-பிரஷர் பம்ப் கியரில் அல்லது செயினில் ஓடினால் அதன் ஷாஃப்ட் சீல் முதல் சந்தேகம். சில இன்ஜின்களில் இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயோ, ஹை-பிரஷர் குழாயின் இணைப்போ டாப்பெட் கவருக்கு உள்ளேயே இருக்கும். அங்கே ஒரு வாஷர் போதும் லிட்டர் கணக்கில் டீசல் இறங்க. டீசலில் கரையும் ஒளிர்சாயத்தை ஃபில்டரில் ஊற்றி, சிறிது நேரம் ஓடவிட்டு, கவரைத் திறந்து புற ஊதா விளக்கில் பார்த்தால் கசியும் மூட்டு தனியாக மின்னும்.

இன்ஜெக்டரின் பீய்ச்சும் முனையான நாசில் ஒழுகுவதைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ரிட்டர்ன் குழாய்களில் பாட்டில் மாட்டி அளந்து, 'நான்கும் சமமாக வருகிறது, இன்ஜெக்டர் நன்றாக இருக்கிறது' என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சோதனை காட்டுவது இன்ஜெக்டரின் மேல்பகுதி வால்வின் தேய்மானத்தை. அந்த டீசல் டாங்குக்குத் திரும்பும், ஆயிலுக்கு அல்ல. சிலிண்டருக்குள் சொட்டும் நாசில் முனையை அது காட்டாது. அதற்கு இன்ஜெக்டரைக் கழற்றிச் சோதனைப் பம்ப்பில் மாட்ட வேண்டும். சிலிண்டரை ஒட்டிய சிறு அறையில் எரிதல் தொடங்கும் பழைய முன்னறை வகை இன்ஜின்களின் இயந்திர இன்ஜெக்டர்கள் ஏறக்குறைய 115 முதல் 150 பாரில் திறக்கும். துல்லியமான எண் கையேட்டில் இருக்கும். திறப்பு அழுத்தத்துக்கு 10, 20 பார் கீழே நிறுத்தி 10 விநாடி பிடித்தால் முனையிலிருந்து சொட்டு விழக் கூடாது. பீய்ச்சும் மூடுபனியில் கை படக் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், அது மருத்துவமனை விஷயம். காமன் ரெயில் இன்ஜெக்டரை இப்படிக் கைப்பம்ப்பில் சோதிக்க முடியாது, அதற்குரிய பெஞ்ச் வேண்டும். வண்டியிலேயே தெரியும் அடையாளங்கள்: காலைக் குளிரில் டீசல் வாடையோடு வெள்ளைப் புகை, ஒரு சிலிண்டர் மட்டும் தட்டுவது, ஸ்கேனரில் ஒரு சிலிண்டருக்கான டீசல் திருத்த அளவு மற்றவற்றிலிருந்து விலகி நிற்பது, குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் குளோ பிளக்கைக் கழற்றினால் அதன் முனை ஈரமாக இருப்பது.

இதே அடையாளங்கள் குளோ பிளக் வேலை செய்யாவிட்டாலும், கம்ப்ரஷன் குறைந்தாலும் வரும். எரியாத டீசல் சிலிண்டர் சுவரை நனைத்து, பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும். தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கி இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராமல் ஓடுவதும் இதைக் கூட்டும். பெட்ரோல் ஆயிலில் கலந்தால் ஒரு நீண்ட ஓட்டத்தில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். டீசல் ஏறக்குறைய 180 முதல் 360 டிகிரி வரையிலான சூட்டில் கொதிப்பது. 90, 100 டிகிரி ஆயிலிலிருந்து அது எளிதில் கிளம்பாது. பயோடீசல் கலந்திருந்தால் அந்தப் பங்கு இன்னும் பிடிவாதமாகத் தங்கும். 'நெடுஞ்சாலையில் ஒரு விரட்டு விரட்டினால் சரியாகிவிடும்' என்பது டீசலுக்குப் பொருந்தாது.

புகைக் கரி வடிகட்டி, அதாவது டி.பி.எஃப். உள்ள வண்டிகளில் எந்தப் பாகமும் உடையாமலே ஆயில் ஏறும். தொடர் உற்பத்திக் காரில் இது 2000-இல் பெஜோ 607-இல் வந்தது, ஆகவே டி.பி.எஃப். உள்ள வண்டிகளும் இப்போது 'பழைய டீசல்' கணக்கில் வந்துவிட்டன. சேர்ந்த கரியை எரிக்க வடிகட்டிக்குள் 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். அதற்காகப் பல இன்ஜின்கள் எரிதல் முடிந்த பின், பிஸ்டன் கீழிறங்கும்போது, கூடுதலாக டீசலைப் பீய்ச்சும். அதில் ஒரு பங்கு சுவரில் பட்டு ஆயிலுக்குப் போகும். இந்தச் சுத்திகரிப்புக்கு 10 முதல் 20 நிமிடம் தொடர்ந்து ஓட வேண்டும். பாதியில் நிறுத்தினால் அடுத்த முறை முதலிலிருந்து. ஒவ்வொரு முறையும் புதிதாக டீசல் ஆயிலுக்குள். சில மாஸ்டா டீசல்களின் டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டுக்கு மேலே ஒரு பெருக்கல் குறி இருப்பதே இதற்காகத்தான்: அந்தக் குறியைத் தொட்டால் கிலோமீட்டர் பார்க்காமல் ஆயிலை மாற்ற வேண்டும். இந்த டீசலைச் சிலிண்டரில் பீய்ச்சாமல் எக்ஸாஸ்ட்டிலேயே தனி இன்ஜெக்டர் வைத்துப் பீய்ச்சும் இன்ஜின்களும் உண்டு. அவற்றில் ஆயில் ஏறினால் டி.பி.எஃப்.-ஐச் சந்தேகிக்க வேண்டாம்.

ஸ்கேனரில் கடைசிச் சுத்திகரிப்புக்குப் பின் ஓடிய தூரத்தைப் பாருங்கள். சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பது இயல்பு. நல்ல நீண்ட ஓட்டத்திலும் நூறு கிலோமீட்டருக்குள் திரும்பத் திரும்ப வந்தால் ஓட்டுபவரின் பழக்கத்தைக் குறை சொல்ல முடியாது. புகையின் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வு மூடாமல் சிக்கியிருக்கிறதா, டர்போவுக்குப் பின் குழாய் காற்று விடுகிறதா, அழுத்த வேறுபாட்டு சென்சாரின் சிறு குழாய்கள் விரிசலா என்று பார்க்க வேண்டும். சென்சார் பொய் சொன்னால் காலி வடிகட்டியைக்கூட நிரம்பியதாக நினைத்து இன்ஜின் டீசலை ஊற்றும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம்: ஆயில் மேல்கோட்டைத் தாண்டியிருக்கும் வண்டியில் ஸ்கேனரால் கட்டாயச் சுத்திகரிப்பை ஓட விடாதீர்கள். மேலே சொன்ன அலறல் நடக்க அதைவிடத் தோதான நேரம் கிடையாது. முதலில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள்.

கூலண்ட் இறங்கும் வண்டிகளுக்கு வருவோம். ஆயில் ஊற்றும் மூடியின் உள்ளே மோர் நிறத்தில் கொஞ்சம் படிந்திருந்தால் உடனே ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்பான்) போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். குறுந்தூரமே ஓடும் வண்டியில் ஈரக்காற்று குளிர்ந்து அப்படிப் படியும். அதனால் மட்டம் ஏறாது. மட்டம் ஏறிக் கூலண்டும் இறங்கினால்தான் வேலை. குளிர்ந்த இன்ஜினில், கூலண்ட் டப்பா மூடியில் எழுதியுள்ள அழுத்தம் வரை, பெரும்பாலும் 1 முதல் 1.5 பார், கைப்பம்ப்பால் ஏற்றிச் சில மணி நேரம் விடுங்கள். வெளியே சொட்டில்லாமல் முள் இறங்கினால் உள்ளே போகிறது. சம்ப்பைக் கழற்றிவிட்டு இதைச் செய்தால் எங்கிருந்து என்பதும் தெரியும்: ஈர லைனர் (வெளிப்பக்கம் கூலண்டில் நனையும் சிலிண்டர் உறை) உள்ள இன்ஜினில் லைனரின் கீழ் விளிம்பில் சொட்டினால் அடி ஓ-ரிங்; பிஸ்டனைச் சுற்றி ரிங் வழியாக வந்தால் மேலே ஹெட், கேஸ்கெட் அல்லது லைனரில் துளை; முன்பக்கம் டைமிங் கேஸிலிருந்து வழிந்தால் வாட்டர் பம்ப் சீல் அல்லது கவர் கேஸ்கெட்.

கூலண்டில் சிலிண்டரின் எரிந்த வாயு இருக்கிறதா என்று நிறம் மாறும் நீலத் திரவத்தால் சோதிப்பது நல்ல சோதனைதான். ஆனால் நிறம் மாறவில்லை என்பதால் கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்று ஆகாது. தண்ணீர்ப் பாதைக்கும் ஆயில் பாதைக்கும் இடையே மட்டும் கேஸ்கெட் போயிருந்தால் எரிந்த வாயு அந்தப் பக்கமே வராது.

ஆயில் கூலரின் கசிவு குழப்பக்கூடியது. ஓடும்போது ஆயில் அழுத்தம் 3, 4 பார், கூலண்ட் அழுத்தம் 1 பார் அளவு. எனவே ஆயில்தான் கூலண்டுக்குள் போகும், டப்பாவில் பழுப்புக் குழம்பு மிதக்கும். நிறுத்தியதும் ஆயில் அழுத்தம் பூஜ்யம், சூடான கூலண்டில் இன்னும் அழுத்தம் மிச்சம். இப்போது கூலண்ட் ஆயிலுக்குள் போகும். இரண்டு பக்கமும் கலப்படம், அதுவும் இரவில் மட்டம் ஏறுகிறது என்றால் ஹெட்டைத் தூக்குவதற்கு முன் கூலரைக் கழற்றி, ஒரு பக்கத்தை அடைத்து, தண்ணீரில் மூழ்க வைத்துக் காற்று கொடுத்துப் பாருங்கள். ஹெட் வேலையை ஒப்பிட்டால் அது ஒன்றுமேயில்லை.

மற்றவை அபூர்வம். டைமிங் கியரில் ஓடும் பவர் ஸ்டீயரிங் பம்ப்பின் சீல் போனால் ஸ்டீயரிங் ஆயில் இன்ஜினுக்குள் போகும். பழைய ஆட்டோமேட்டிக் டீசல்களில் கியர்பாக்ஸின் வாக்குவம் மாடுலேட்டர் (வெற்றிடத்தால் இயங்கும் கட்டுப்பாட்டுக் கருவி) கிழிந்தால் வாக்குவம் பம்ப் கியர் ஆயிலை இழுத்து இன்ஜினுக்குள் தள்ளும். மாடுலேட்டரின் வாக்குவக் குழாயைக் கழற்றினால் உள்ளே ஈரம் இருக்கும்.

காரணத்தைச் சரிசெய்த பிறகு ஆயிலோடு ஃபில்டரையும் மாற்ற வேண்டும். கூலண்ட் கலந்திருந்தால் சாதாரண ஆயிலை ஊற்றி, அதிக ஆர்.பி.எம். கொடுக்காமல் சூடேற்றி, சூட்டோடு வடித்து, பிறகு சரியான ஆயிலை ஊற்றுங்கள். கூலர், குழாய்களில் தங்கியது ஒரே மாற்றத்தில் வராது. 'உள்ளே கழுவுகிறேன்' என்று டீசலை ஊற்றி இன்ஜினை ஓட்டுபவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். பலர் மறப்பது, டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர். மட்டம் ஏறி ஓடிய நாட்களில் பிரீதர் வழியாகப் போன ஆயில் அதன் அடியில் தேங்கியிருக்கும். சரிசெய்த இன்ஜினே முதல் ஓட்டத்தில் அதை இழுத்து அலறலாம். குழாய்களைக் கழற்றி வடித்துத் துடைத்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். கடைசியாக, ஆயில் சுவிட்ச் இருக்கும் இடத்தில் இயந்திர அழுத்த மீட்டரை மாட்டி, இன்ஜின் முழுச் சூட்டில் ஐடில் அழுத்தத்தைக் கையேட்டோடு ஒப்பிடுங்கள். புது ஆயிலிலும் குறைவு என்றால் சம்ப்பை இறக்கி பிக்-எண்ட் பேரிங்கைப் பார்த்தே ஆக வேண்டும்.

கேள்வி கேட்ட வாசகர் தன் வண்டியின் இன்ஜின் வகையைச் சொல்லவில்லை. டி.பி.எஃப். உண்டா, பம்ப் பெல்ட்டில் ஓடுகிறதா கியரிலா, கூலண்ட் இறங்குகிறதா என்ற மூன்றும் தெரியாமல் யாரும் அவருக்குப் பதில் சொல்ல முடியாது. அவர் இப்போதைக்கு வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் இருப்பது நல்லது. ஆயிலை வடிக்கும்போது முதல் சொட்டுகளைத் தனியாகவும், நடு ஓட்டத்தில் 100 மில்லியைச் சுத்தமான உலர்ந்த பாட்டிலிலும் பிடித்து, கிலோமீட்டரையும் தேதியையும் எழுதி மூடிவைக்கட்டும். மெக்கானிக்கிடம் போகும்போது அந்தப் பாட்டில்களையும் கூடவே எடுத்துப் போகட்டும். மொத்தம் எத்தனை லிட்டர் வடிந்தது என்பதையும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். கையேட்டு அளவைவிட அது எவ்வளவு அதிகம் என்பதுதான் மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வி.

இப்படிக்கு,
டீசல் பம்ப், இன்ஜெக்டர் மெக்கானிக்குகள் சிலர்